நாற்பது கட்டு

இருபத்தஞ்சு பீடி ஒரு கட்டு.
நாற்பது கட்டு ஆயிரம்.
இதுக்கு மேல கணக்கு எனக்குத் தெரியாது,
தேவையும் வந்ததில்லை,
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில
நெஞ்சுல ஏழெட்டு ஒயரை ஒட்டி
என் துடிப்பைக் கட்டம்போட்ட தாளில
அந்தப் பிள்ளை இழுத்தெடுக்கிற வரைக்கும்.

எத்தனை வருசமா பீடி சுத்துறீங்க?
முப்பத்தொண்ணு.
உக்காந்தபடியேவா?
பின்ன, நின்னுக்கிட்டா சுத்துவாக.
டாக்டர் சிரிக்கலை.
அடைப்பு சின்னதுதான், மாத்திரை போதும்,
ஆனா தினமும் அரைமணி நேரம் நடக்கணும்.
எங்க?
எங்கயும் இல்லம்மா. சும்மா.

சும்மா.
முக்கூடல்ல ஒரு பொம்பளை சும்மா நடக்க
ரோடு ஏது தாயி?
குழாயடிக்கு நடக்கலாம். ரேஷனுக்கு நடக்கலாம்.
செத்த வீட்டுக்கு எத்தனை மைலும் நடக்கலாம்.
கையை வீசிக்கிட்டுப் போனா
மருமகளோட சண்டையா,
கோவிச்சுக்கிட்டு பஸ் ஏறவான்னு
வாசலுக்கு வாசல் கேப்பாக.

கேட்டாக.
தபாலாபீஸ் தாண்டுமுன்ன மூணு பேரு.
மூணாவது, ஞானசெல்வம் மைனி,
வாரியலும் கையுமா மறிச்சு நின்னு
யாருக்கு என்னன்னா.
எனக்குத்தான்னு சொல்ல வாய் வரலை.
உப்பு வாங்கப் போறேன்னேன்.
வாங்கிட்டும் வந்தேன்.
அந்த வாரம் வீட்டில ஆறு பாக்கெட் உப்பு,
டாக்டர் குறைக்கச் சொன்ன அதே உப்பு.

பொறவுதான் புத்தி வந்துச்சு.
வெறும் சொளவை இடுப்புல இடுக்கி
மேல துண்டைப் போட்டு மூடி
ஆத்துப்பக்கம் நடந்தேன்.
ஒருத்தரும் கேக்கலை.
பீடிக்கு நடக்கிற காலை
ஒருத்தரும் ஒண்ணும் கேட்டதில்லை.

இருபத்தஞ்சு அடி ஒரு கட்டு.
விரல் தானா மடங்குச்சு.
பத்துக் கட்டுல மூச்சு வாங்கும்.
உடைமரத்து மூட்டில நின்னு
நெஞ்சைத் தொட்டுப் பாப்பேன்.
நனையாத இலையை வெட்டுறாப்ல
உள்ள ஒரு கரகரப்பு.

இலையை ராத்திரியே நனைச்சு வச்சாத்தான்
காலையில வளையும்.
காஞ்சதை மடக்கினா ஒடியும்.
ரத்தக்குழாய்க்கும் அதே பாடுதான் போல.
டாக்டர் படம் வரைஞ்சு காட்டினதுல
எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான்.

நாய் விரட்டி ஓடுன அடி கணக்குல வருமா?
கடையில செக்கர் தங்கையா
கட்டைப் பிரிச்சு
மூணு பீடி மெலிசா இருந்தா
மொத்தத்தையும் ஒடிச்சுப் போடுவான்.
நான் அவனைவிடக் கறாரு.
நின்னு பேசினது கழிவு.
உப்பு வாங்கின அந்த ஒரு வாரம்
முழுக்கக் கழிவு.

கார்த்திகை மழையில நாலு நாள் வெளிய போகலை.
அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தேன்.
கட்டில்ல படுத்துக்கிட்டே அவுக எண்ணினாக.
தப்பா எண்ணினாக.

தை பொறந்து ஒரு வெள்ளன.
இருபத்தெட்டாவது கட்டு.
மூச்சு வாங்கலை, அதை அப்பத்தான் கவனிச்சேன்.
எதிர்ல கீழத்தெரு சொர்ணபாக்கியம்,
இடுப்புல குடம்.
ஆத்துல இருந்து வாறவ குடத்தில
சொட்டுத் தண்ணியில்லை.

என் சொளவை அவ பாத்தா.
அவ குடத்தை நான் பாத்தேன்.
காத்து வந்து துண்டைத் தூக்கிட்டுப் போச்சு,
குனிஞ்சு எடுத்துத் தந்தா.

சுகரான்னேன்.
பிரஷர்னா.

திரும்பி என்கூடவே நடந்தா.
குடமும் சொளவும் இடிச்சு இடிச்சு
தடதடன்னு ஒரு சத்தம் கூட வந்துச்சு.
அவ மாமியார் கதை தொடங்கினா,
முப்பத்தொண்ணோ முப்பத்திரண்டோ,
எண்ணிக்கை விட்டுப்போச்சு.

நிக்காமப் பேசினதைக்
கழிவுல போடவா வேண்டாமா?
தங்கையாகிட்டதான் கேக்கணும்.